பேட்டைத் தலைவரைக் கடித்த பச்சோந்தி

சுவாங் தியென்-வாங்கை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு பச்சோந்திக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை. தரையெல்லாம் எண்ணெய். கழற்றிப் போட்ட சக்கரங்களுக்கு நடுவே ஆளுயர வலைக்கூண்டு, கூண்டுக்குள் தொட்டிச் செடி, செடியில் அது. எதிரே பிளாஸ்டிக் முக்காலியில் இவர். கட்டைவிரல் மட்டுமே நுழையக்கூடிய இரண்டு கோப்பைகளில் தேநீரை நிரப்பி, ஒன்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மற்றதைக் கூண்டின் பக்கம் நகர்த்தினார்.

"இங்க பாரு, நமக்குள்ள என்ன தகராறு? தீனி போடுறேன், லைட்டு போடுறேன், ஊர்ல ஒருத்தன் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்குவோம்."

பச்சோந்தி உடம்பைப் பலகைபோலத் தட்டையாக்கி, வாயை அகலத் திறந்து சீறியது. ஆணி குத்திய டயரிலிருந்து காற்று போகிற அதே சத்தம். ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி யூச்சின், பழக்கதோஷத்தில் திரும்பி, வரிசையில் நின்ற சக்கரங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"பேச்சுவார்த்தைக்கே வரமாட்டேங்குறான்" என்றார் சுவாங் என்னிடம். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை.

நான் வாடகைக்கு அறை கேட்டு வந்தவன். காவோசியுங் துறைமுக நகரத்துக்குப் படிக்க வந்து வருடங்கள் ஆகியிருந்தாலும் அந்தச் சந்துக்கு அன்றுதான் புதிது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "டாக்டரா! யூச்சின், டாக்டரே வந்துட்டாரு! தம்பி, நீயே சொல்லு, இவன் ஏன் இப்படிப் பண்றான்?"

என் படிப்பு, பற்றவைத்த இரும்பில் விழும் விரிசல்களைப் பற்றியது என்றேன்.

"அதத்தானே நானும் கேக்குறேன்? எனக்கும் அவனுக்கும் நடுவுல விழுந்திருக்கிற விரிசல்."

இரண்டாவது மாடி அறை அன்றைக்கே எனக்கு அமைந்தது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அந்தக் காலுக்கு அயல்நாட்டில் இடம் கிடைத்தது ஒரு பச்சோந்தியின் புண்ணியத்தில்.

சுவாங் பேட்டைத் தலைவர். நாலைந்து சந்துகள் சேர்ந்து ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். கடைதான் அலுவலகம். கடையில் ஸ்கூட்டரைப் பழுதுபார்ப்பது யூச்சின், ஊரைப் பழுதுபார்ப்பது இவர். முதுகில் பெயரும் பதவியும் தைத்த ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கல்யாணத்துக்கும் அதே, சாவுக்கும் அதே என்று போட்டுக்கொண்டு போவார். குளிக்கும்போது கழற்றுகிறார் என்பதற்கு யூச்சின் ஒருவர்தான் சாட்சி.

அவருடைய உண்மையான உடல் உறுப்பு என்று சொன்னால் மைக்கைத்தான் சொல்ல வேண்டும். சந்துக்குச் சந்து கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிகள் கடையிலிருக்கும் அந்த மைக்கில் வந்து முடிகின்றன. காலையில் அதை ஊதி ஊதிப் பார்ப்பார். "ஹூ… ஹூ… கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க." அதன் பிறகு செய்திகள். காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள், யாருடைய பல்செட் கோயில் குழாயடியில் கிடைத்தது, எந்த வீட்டு மாமியார் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஊருக்குப் பொதுவானது, வீட்டுக்குள் இருக்க வேண்டியது என்ற கோடு அவருக்குக் கிடையாது. என் ஆய்வுக் கட்டுரை ஒன்று அச்சான அன்று, "நம்ம டாக்டர் தம்பி இரும்பைப் பத்தி எழுதிட்டாரு, எல்லாரும் பெருமைப்படுங்க" என்று அறிவித்தார். மாலையில் மீன்கடைக்காரர் கை கொடுத்துவிட்டு, எந்தக் கத்தி வாங்கினால் துருப்பிடிக்காது என்று கேட்டார்.

வெளியூர் போகிறவர்கள் அவரிடம் விட்டுச் செல்லாத பொருள் இல்லை. சாவி, பார்சல், பூந்தொட்டி, ஒருமுறை ஒருவருடைய அப்பா. அப்படித்தான் பச்சோந்தியும் வந்தது. தலைநகர் தைப்பேயில் வேலை கிடைத்துப் போன ஒரு பையன், கூண்டும் விளக்குமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரொம்ப சாது, தலைவரே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான். தலையில் கிரீடம்போல எலும்புக் கொண்டை. கோயில் ஊர்வலத்தில் ஆடிவரும் தெய்வச் சேனாபதிகளின் தலைப்பாகை மாதிரியே இருக்கிறது என்று, சுவாங் அதற்குச் 'சேனாபதி' என்று பெயர் வைத்தார். வைத்ததை மைக்கிலும் சொன்னார்.

அன்றிலிருந்து ஊரே வந்து பார்த்தது. சுவாங்குக்குப் பச்சோந்தி வளர்ப்பது என்றால் பேட்டையில் ஒரு ஓட்டு கூடியதாக அர்த்தம். போய்ப் பேச வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும், தலையைத் தடவ வேண்டும். கூண்டின் மேல் கதவைத் திறந்து, மேலேயிருந்து கையை இறக்கி, கொண்டையை நீவுவார். அது சீறும். "கூச்சப்படுறான்" என்பார். மறுபடியும் நீவுவார்.

எங்கள் பக்கத்தில், வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம் என்று சொல்வார்கள் என, வேட்டியைக் கால்சட்டையாக்கி அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, அந்த ஆளு அதுக்கப்புறம் என்ன பண்ணான்?" என்றார்.

"தெரியல. பழமொழி அங்கயே முடிஞ்சிருது."

"முக்கியமான எடத்துல நிறுத்திட்டாங்களே உங்க ஊர்க்காரங்க!"

ஏமாற்றம் முகத்தில் வெகுநேரம் இருந்தது.

கோடை முற்றியபோது தகராறும் முற்றியது. சேனாபதி தீனியைத் தொடவில்லை. முன்பெல்லாம் சில்வண்டைப் போட்டால் உடம்பு நீளத்துக்கு நாக்கை வீசிப் பிடிக்கும். இப்போது சில்வண்டு அதன் முதுகில் ஏறி நின்று பாடியது. கிளையை விட்டுத் தரைக்கு இறங்கி, கூண்டின் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. இளம்பச்சை போய், கரும்பச்சை வந்து, அதன்மேல் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் பூத்தன. நான் படிக்க வந்திருந்த அந்தத் தீவின் அரசியலில் பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி. கடைக்கு வந்தவர்களெல்லாம் பச்சைதான் அதிகம், இல்லை நீலம்தான் ஏறுகிறது என்று கூண்டைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். எந்தக் கட்சியிலும் சேராமல் தேர்தலில் நிற்கிற சுவாங், அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். ஊரில் நிறம் மாற வேண்டியவர் அவர்தான், அதை அந்தப் பிராணியிடம் ஒப்படைத்துவிட்டார் என்று மீன்கடைக்காரர் சொன்னது அவர் காதுக்குப் போகவில்லை.

பிறகு கடித்தது. சமாதானம் பேசப் போன கை. பெருவிரல் நகத்துக்குப் பக்கத்தில் கவ்வி, ரத்தம் பார்த்த பிறகுதான் விட்டது. கட்டுப்போட்ட விரலை ஊருக்கு, "செயின்ல மாட்டிக்கிச்சு" என்று காட்டினார்.

"செயினுக்குப் பல்லு இருக்கா?" என்றார் யூச்சின். "யோவ் தலைவரே, கேட்டுக்க. பேய் மாசம் பொறக்கிறதுக்குள்ள இது இந்த வீட்ட விட்டுப் போகணும். செல்லப்பிராணிக் கடைக்காரன் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டான். சீறுற ஒண்ணோட, செத்தவங்க சுத்துற மாசத்துல நான் தூங்கமாட்டேன்."

"ஒரு ஜீவன நம்பி விட்டுட்டுப் போயிருக்கான்…"

"தன் அப்பாவையும்தான் ஒருத்தன் விட்டுட்டுப் போனான். அவரு கடிக்கல."

பேய் மாதத்துக்கு அதிகக் காலம் இல்லை. சுவாங் ஒரு சண்டையைத் தீர்க்காமல் விட்டவர் இல்லை. மாடியில் தண்ணீர் ஒழுகுகிற சண்டை, நாய் குரைக்கிற சண்டை, சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி சண்டை என்று எல்லாமே அவருடைய தேநீரில் கரைந்திருக்கின்றன. இந்த ஒரு சண்டையில், அதுவும் தன் சொந்தச் சண்டையில் தோற்றுப்போவதை அவரால் தாங்க முடியவில்லை. ராத்தூக்கம் கெட்டது என்று யூச்சினே சொன்னார்.

முதலில், கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கோபப்படுகிறது என்று யாரோ சொன்னார்கள். கடைச் சுவரில் தொங்கிய ஸ்கூட்டர் கண்ணாடிகள் அத்தனைக்கும் செய்தித்தாள் ஒட்டினார். பழுதுக்கு வந்த வண்டிகளின் கண்ணாடியையும் கழற்றி வைத்தார். யூச்சின் திருப்பிக் கொடுத்த வண்டி ஒன்று கண்ணாடி இல்லாமல் சந்துமுனை வரை போய், கெட்ட வார்த்தைகளோடு திரும்பி வந்தது. சேனாபதியின் கோபம் குறையவில்லை.

அடுத்து கிம் அக்கா. கடல் தெய்வத்தின் கோயிலில் பயந்த பிள்ளைகளுக்குப் பயம் தெளிவிப்பவர். பிள்ளையின் சட்டையில் ஒரு கிண்ணம் அரிசியைச் சுற்றி, ஊதுவத்திப் புகையில் காட்டி, பிரித்து, அரிசியில் விழுந்த குழிகளைப் பார்த்து எதைக் கண்டு பயந்தது என்று சொல்லிவிடுவார்.

"சட்டை எங்க?" என்றார் கிம் அக்கா.

சேனாபதி உரித்துப் போட்டிருந்த தோலை, சுவாங் ஒரு கைக்குட்டையில் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். கிம் அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பொறந்த நேரம்?"

"தெரியாது. கடையில வாங்கினது."

"விலாசம்?"

"நம்ம விலாசம்தான்."

இதற்கு மேல் தடை இல்லாததால் சடங்கு நடந்தது. தென்கிழக்கில் ஒரு கறுப்பு நாயைப் பார்த்துப் பயந்திருக்கிறது என்று அரிசி சொன்னது. மந்திரத்தாளை எரித்துக் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார்கள். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். ஆகவே சுவாங் அந்தச் சாம்பல் தண்ணீரைப் பீய்ச்சும் குப்பியில் ஊற்றி, செடி முழுக்க அடித்தார். தென்கிழக்கிலிருந்த ஒரே கறுப்பு நாய் பலசரக்குக் கடைக்காரருடையது. பல் விழுந்த கிழம். அதை வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைக்கலாமா என்று சுவாங் யோசித்தது எனக்குத் தெரியும்.

சேனாபதியின் கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. அதைக் கவனித்தது யூச்சின். "யோவ், இது கோவமில்ல. இதுக்கு உடம்பு சரியில்ல. டாக்டருகிட்ட போ." சுவாங் என்னைப் பார்த்தார். "அந்த டாக்டர் இல்லய்யா!" என்றார் யூச்சின்.

தலையணை உறைக்குள் சேனாபதியைப் போட்டு நான் மடியில் வைத்துக்கொள்ள, சுவாங் ஸ்கூட்டரை ஓட்டினார். ஓணானை வேட்டிக்குள் விட்டவன் கதை அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கு அந்தப் பயணத்தில் ஓரளவு விளங்கியது.

ஊர்வன பார்க்கும் டாக்டர் யென் சின்ன வயசுப் பெண். பேச்சில் சர்க்கரை போடுகிற வழக்கமில்லை. சேனாபதியின் பின்னங்காலைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தார். "ஆணுக்கு இங்க ஒரு முள்ளு இருக்கும். இதுக்கு இல்ல. தலைவரே, உங்க சேனாபதி பொம்பள."

சுவாங் மேல்சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்தபோது, வயிறு முழுக்கத் திராட்சைக் குலை தொங்குவதுபோல இருந்தது. "முட்டை. சினையா இருக்கா."

"ஆனா அங்க வேற ஆம்பளையே இல்லையே!" சுவாங்கின் குரலில் ஒரு தகப்பனின் பதற்றம் இருந்தது.

"சேவல் இல்லாம கோழி முட்டை போடுறதில்லையா? கூமுட்டைதான், ஆனா வெளிய வந்தாகணும். கறுத்துப் போயி, புள்ளி வச்சு, வாயத் தொறந்து சீறுனாளா? கிட்ட வராதேன்னு சொல்லியிருக்கா. தரைக்கு எறங்கிப் பிறாண்டுனாளா? குழி தோண்ட மண்ணு தேடியிருக்கா. நீங்க என்ன பண்ணீங்க?"

"டீ ஊத்தினேன்."

டாக்டர் யென் பேனாவை மூடி வைத்தார்.

"மேலேருந்து கைய விட்டுத் தலையத் தடவுனீங்களா? அவளுக்கு அது பருந்து. சரி, இப்பக் கேளுங்க. ஒரு வாளி நிறைய ஈர மணல் கூண்டுக்குள்ள வைங்க. சுத்தித் துணியால மூடுங்க. அப்புறம் யாரும் பாக்கக் கூடாது. தோண்டும்போது ஒரு கண்ணு தன்னப் பாக்குதுன்னு தெரிஞ்சா, குழிய அப்படியே விட்டுட்டு மேல ஏறிருவா. முட்டை உள்ளயே தங்கிடும். தங்கினா செத்துருவா."

"நான் பாக்கலாமில்ல? சும்மா, தூரத்துலருந்து?"

"முக்கியமா நீங்க பாக்கக் கூடாது."

வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும் யூச்சின் ஸ்பானரைக் கீழே வைத்தார். பேய் மாதம், செல்லப்பிராணிக் கடை, கடிபட்ட விரல் எல்லாம் அந்த ஒரு நொடியில் அடிபட்டுப் போயின. "பாவி, வயித்துப் பிள்ளைக்காரிக்கு முன்னாடி சுத்தியல் அடிச்சுக்கிட்டிருந்தியே!" என்றார். அடித்தது அவர்தான்.

கூண்டை மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நான் சொன்னேன். என் படிப்பெல்லாம் சேர்ந்து அந்தச் சமயத்தில் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. யூச்சின் பாய்ந்தார். கர்ப்பிணி இருக்கிற இடத்தில் கட்டிலை நகர்த்தக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, கருவைக் காக்கிற தெய்வம் அந்த வீட்டுச் சாமான்களில்தான் குடியிருக்கும், நகர்த்தினால் பிள்ளைக்கு ஆகாது. "கூண்டு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். ஒரு விரக்கடை நகரக் கூடாது." மணல் வாளியைக்கூட, "கொஞ்சம் தள்ளிக்கிறோம் தாயே" என்று காற்றிடம் அனுமதி கேட்ட பிறகுதான் உள்ளே வைக்கவிட்டார்.

ஆகக் கூண்டு கடையிலேயே, தெருவைப் பார்த்தபடியே இருந்தது. ஷட்டரை இறக்கிவிடலாம். ஆனால் பேட்டைத் தலைவர் வீட்டு ஷட்டர் பகலில் மூடியிருந்தால் சாவு என்று அர்த்தம். பாதிப் பேர் மாலையோடு வருவார்கள். இதை முன்கூட்டியே தவிர்க்க, சுவாங் தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டார்.

"ஹூ… ஹூ… கேக்குதா? நம்ம கடை ஷட்டர் மூடியிருக்கும். யாரும் சாகல. நம்ம சேனாபதி ஆம்பள இல்ல, பொம்பள. பிரசவ நேரம். டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, யாரும் வந்து பாக்கக் கூடாது. நல்லாக் கேட்டுக்கங்க, யாருமே வரக் கூடாது."

ஊர் நல்லாக் கேட்டுக்கொண்டது. பிரசவம் என்ற சொல்லைக் கேட்டது.

முதலில் வந்தவர் கிம் அக்கா. கையில் மூடி போட்ட சட்டி. இஞ்சியை எள் எண்ணெயில் முறுக வதக்கி, தண்ணீருக்குப் பதில் அரிசி மதுவை ஊற்றிக் கொதிக்கவைத்த கோழிச்சாறு. பிள்ளை பெற்றவளுக்கு அந்த ஊர்ப் பத்தியம் அதுதான். அவருக்குப் பின்னால் மீன்கடைக்காரர் மனைவி, இன்னொரு சட்டி. பலசரக்குக் கடைக்காரர், நாயோடு. ஷட்டரைத் தட்டித் தட்டி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

"சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறோம், தலைவரே. வெறுங்கையோடவா வந்தோம்?"

"வேணாம் அக்கா, டாக்டரம்மா…"

"நான் பயம் தெளிவிச்ச பிள்ளை. எனக்கில்லாத உரிமையா?"

சுவாங் தன் வாழ்நாளில் யாரையும் வாசலோடு அனுப்பியவர் அல்லர். ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினார். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "ஒரே ஒரு நிமிஷம், மூச்சு விடாமப் பாருங்க" என்று சொல்லி, கூண்டின் துணியில் ஒரு மூலையைத் தன் கையாலேயே தூக்கிக் காட்டினார். நான் பார்க்கவே, ஏழெட்டுத் தலைகள் அந்த மூலைக்குக் கீழே அடுக்கின.

வாளியின் ஓரத்தில் சேனாபதி தோண்டிக்கொண்டிருந்தது. பாதி உடம்பு மணலுக்குள்ளே இருந்தது. ஒரு கண் மட்டும் சுழன்று, பின்னால் திரும்பி, எங்களைப் பார்த்தது. தோண்டுவது நின்றது. மெதுவாகப் பின்வாங்கி வெளியே வந்து, கறுத்து, கிளையில் ஏறி, வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்துவிட்டது. குழி காலியாகத் தெரிந்தது.

"ஐயோ, போட்டுட்டாளா?" என்றார் பலசரக்குக் கடைக்காரர்.

சுவாங் துணியை இறக்கினார். டாக்டர் யென்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. "இன்னொரு தடவை தோண்டுவா. அதுக்கு மட்டும்தான் அவளுக்குத் தெம்பு இருக்கு. அதுவும் கெட்டுச்சுன்னா கத்திதான். பொழைப்பான்னு நான் சொல்லமாட்டேன். யாரு தூக்கிக் காட்டுனது?"

"நான்தான்" என்றார் சுவாங்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். போங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லை. கிம் அக்கா சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சமைத்துக் கொண்டுவந்த பத்தியத்தைத் திருப்பி அனுப்புவது அங்கே வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்கிற காரியம். குடிக்க வேண்டியவளோ குடிக்க மாட்டாள்.

"எல்லாச் சட்டியையும் எடுத்துக்கங்க" என்றார். "கோயில் முற்றத்துக்கு வாங்க. அவளுக்குப் பதிலா நான் குடிக்கிறேன்."

"நீயா?"

"நான்தான். வந்து பாருங்க. எல்லாரும் வாங்க. ஒருத்தர்கூட இங்க நிக்கக் கூடாது. யூச்சின், நீயும்தான். தம்பி, நீயும். நாயையும் கூட்டிட்டு வாங்க."

ஷட்டரை அவரே இழுத்து மூடினார். சாவியை யூச்சினிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் குடுக்காத" என்றார்.

அன்று பகல் முழுவதும் கோயில் முற்றத்து ஆலமர நிழலில், ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு மனிதர் பிரசவப் பத்தியம் சாப்பிட்டார். பச்சோந்தி முட்டை போடுவதைவிட இது பார்க்க நன்றாக இருந்ததால் ஊர் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சட்டி காலியாக ஆக இன்னொரு வீட்டிலிருந்து சட்டி வந்தது. மது ஏற ஏற அவர் காது சிவந்தது, கழுத்து சிவந்தது.

"தலைவரே, தெம்பு வருதா?"

"வருது, வருது."

"பால் ஊறுதான்னு பாருங்க!"

"உன் ஓட்டு ஊறினாப் போதும், கெழவி."

"ஒரு மாசம் தலைக்குக் குளிக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"அவன் எப்பக் குளிச்சான்?" என்றார் யூச்சின்.

சிரிப்புக்கு நடுவே அவர் கண் அடிக்கடி சந்துப் பக்கம் போனது. ஒரு தடவை எழுந்தே விட்டார். "மூத்திரம்" என்றார். யூச்சின் என்னைக் கூட அனுப்பினார். கோயில் கழிப்பறை வாசலில் நின்று, "தம்பி, நீ மட்டும் போயி ஷட்டர்ல காத வச்சுப் பாத்துட்டு வாயேன்" என்று கெஞ்சினார். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், போகாத. நான் சொன்னாலும் போகாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் போய் உட்கார்ந்து அடுத்த கிண்ணத்தை எடுத்தார்.

இருட்டும்போது அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பின்வாசல் வழியாக மாடிக்கு ஏற்றினோம். கடைப் பக்கம் யாரும் போகவில்லை.

காலையில் யூச்சின்தான் துணியை விலக்கினார். சுவாங் கடைக்கு வெளியே, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன?" என்றார் திரும்பாமல்.

"மணலு மட்டமா இருக்கு. மேல மூடித் தட்டி வச்சிருக்கா."

"அவ?"

"கெளையில இருக்கா. வயிறு ஒட்டிப் போச்சு. தண்ணி நக்குறா."

சுவாங் தலையை ஆட்டினார். உள்ளே வரவில்லை. சந்தின் கோடி வரை நடந்து போய், அங்கே நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். முட்டை எத்தனை என்று ஊர் முழுக்கக் கேட்டது. தெரியாது என்றார். மணலோடு எடுத்துக் கோயில் மரத்தடியில் புதைத்துவிட்டதாக யூச்சின் சொன்னார். பிள்ளை பிறந்த வீட்டில் சிவப்புச் சாயம் போட்ட முட்டை கொடுப்பது வழக்கமாயிற்றே, எங்கே என்று மீன்கடைக்காரர் கேட்டதற்கு மட்டும், சுவாங் கோழிமுட்டையை அவித்துச் சாயம் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்பினார். மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை.

சேனாபதி இப்போது மேல்மாடியில், தெய்வங்களும் முன்னோர் பெயர் எழுதிய பலகையும் இருக்கிற அறையில், ஜன்னலோரம் இருக்கிறது. பெயர் மாறவில்லை. முன்கோபமும் முழுக்கப் போகவில்லை. அது அந்த இனத்தின் பிறவிக்குணம் என்கிறார் டாக்டர் யென். சுவாங் இப்போதும் பேட்டைத் தலைவர்தான். துணி காயப்போடப் போகும்போது நான் அவரைப் பார்க்கிறேன். காலையில் இடுக்கியில் ஒரு சில்வண்டைப் பிடித்துக்கொண்டு வருவார். கூண்டின் பக்கக் கதவைத் திறந்து, இடுக்கியைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி நீட்டுவார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருப்பார். கையில் நாக்கின் அந்த ஒரு இழுப்புத் தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விடுவார்.